சொன்னதும் சொல்லாததும்: ஜப்பானிய, அமெரிக்கச் சிறுகதைகளின் உத்தி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி அனுமந்தையில் நிகழ்ந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மானாட்டின் கடற்கரை இது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இங்கிருந்து வடக்கே, மரக்காணத்தை ஒட்டி இருந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. அத்தகைய மண்ணில் நின்றுகொண்டு சங்கப் பாட்டைப் பேசாமல், அமெரிக்கர் கதையையும் ஜப்பானியர் கதையையும் பேசப் போகிறேன். தலைப்பு நான் தேர்ந்ததன்று; வட்டத்து நண்பர்கள் தந்தது. உள்ளே நுழையும்போதே பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தி, "உப்பு வாருற ஊருல ஜப்பான்காரன் கதை எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. விடை கைவசம் இருக்கிறது. ஆனால் சற்றுச் சுற்றித்தான் அங்கே போக வேண்டும்.

முதலில் ஒரு குறையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஜப்பானிய மொழியில் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அகுதாகவாவும் கவாபாத்தாவும் ஷிகாவும் எனக்கு ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியே வந்தவர்கள். ஆகவே அவர்களுடைய சொல்நயம் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். கதையை எப்படிக் கட்டுகிறார்கள், எதைச் சொல்கிறார்கள், எதை விடுகிறார்கள் என்பது மொழிபெயர்ப்பிலும் பெரும்பாலும் தப்பிப் பிழைத்துவிடும். அதைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

இத்தலைப்பில் வழக்கமாகச் சொல்லப்படுவது ஒன்று உண்டு. அமெரிக்கக் கதை நிகழ்ச்சியால் நடப்பது, ஜப்பானியக் கதை மனநிலையால் நிற்பது என்பார்கள். அமெரிக்கத் தரப்புக்கு எட்கர் ஆலன் போவைச் சான்று காட்டுவார்கள். 1842இல் ஹாதோர்னின் கதைத் தொகுதிக்கு எழுதிய மதிப்புரையில், கதை ஒரே அமர்வில் படித்து முடிக்கத் தக்கதாய், முதல் வாக்கியத்திலிருந்தே ஒரே விளைவை நோக்கிச் செல்வதாய் இருக்க வேண்டும் என்று போ இலக்கணம் வகுத்தார். அந்த இலக்கணத்தை ஓ. ஹென்றி கடைசி வரித் திருப்பமாக மாற்றிக்கொண்டார். ஜப்பானியத் தரப்புக்குப் பூ உதிர்வதும் மழை பெய்வதும் போதும் என்று முடித்துவிடுவார்கள். நானும் பல ஆண்டுகள் வகுப்பில் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்பதற்கு அழகாக இருக்கும். தேர்வில் எழுதினால் மதிப்பெண்ணும் விழும். கதைகளைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் படித்தபோதுதான் இது நிற்காது என்று புரிந்தது.

அவ்வாறு படிக்கத் தூண்டியது ஒரு தமிழ்த் திரைப்படம். வீணை எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏ.வி.எம். நிறுவனம் 1954இல் வெளியிட்ட 'அந்த நாள்' படத்தை உங்களில் மூத்தோர் பார்த்திருப்பீர்கள். பாடல் ஒன்றுகூட இல்லாத படம். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய நாளையொட்டிக் கதை தொடங்குகிறது. வானொலிப் பொறியாளன் ராஜன் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். விசாரிக்கப்படுவோர் ஒவ்வொருவரும் அவரவர் பார்வையில் ஒரு கதை சொல்கிறார்கள். இப்படம் குரோசவாவின் 'ரஷோமோன்' (1950) தந்த தூண்டுதலில் பிறந்தது என்பது நாடறிந்த செய்தி. ஜப்பானியனுக்கு உளவு சொன்ன தமிழனின் கதையைச் சொல்வதற்கு, ஜப்பானியப் படத்திலிருந்தே உத்தியைக் கடன் வாங்கியிருக்கிறோம்! இந்த வேடிக்கையை நினைத்து நான் பலமுறை சிரித்ததுண்டு.

குரோசவாவுக்குக் கதை தந்தவர் ரியுனோசுகே அகுதாகவா. படத்தின் பெயரும் சூழலும் 1915இல் அவர் எழுதிய 'ரஷோமோன்' கதையிலிருந்து வந்தவை. கொலையும் முரண்பட்ட சாட்சியங்களும் 1922இல் அவர் எழுதிய 'மூங்கில் தோப்பில்' என்ற கதையிலிருந்து வந்தவை. அகுதாகவாவுக்கு அது எங்கிருந்து வந்தது? நிகழ்ச்சிக்கு விதை, கொன்ஜாகு என்னும் பழைய ஜப்பானியக் கதைக்கொத்தில் இருக்கிறது. ஆனால் பலர் வாயால் சொல்லவைத்து, இறந்தவரையும் ஆவியுரைப்பவர் மூலம் பேசவைக்கும் முறைக்கு ஆய்வாளர்கள் சுட்டுவது ஓர் அமெரிக்கரை. ஆம்புரோஸ் பியர்ஸ் 1907இல் எழுதிய 'நிலவொளிச் சாலை' என்ற கதை அது. பியர்ஸை ஜப்பானிய வாசகருக்கு முதலில் அறிமுகப்படுத்தியவர்களுள் அகுதாகவா ஒருவர். ஆக, அமெரிக்காவில் புறப்பட்டது ஜப்பான் போய், அங்கே கதையாகிப் படமாகி, கோடம்பாக்கம் வந்து சேர்ந்திருக்கிறது. இந்த மூன்றையும் ஒப்பிட்டாலே இன்றைய தலைப்பின் பாதி முடிந்துவிடும்.

பியர்ஸின் கதையில் மூவர் பேசுகிறார்கள். முதலில் மகன். அவன் கல்லூரியில் இருக்கும்போது தந்தி வருகிறது. வீடு வந்தால் தாய் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடக்கிறாள். கொன்றவன் யாரெனத் தெரியவில்லை. சில மாதம் கழித்து ஒரு நிலவிரவில் அவனும் தந்தையும் சாலையில் நடந்து வரும்போது, தந்தை எதையோ கண்டு நடுங்கி மறைந்தே போகிறார். இரண்டாவதாகப் பேசுபவன் தன் பழைய வாழ்வை மறந்துபோன ஒருவன். அவனுக்குக் கனவு போல ஒரு நினைவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. மனைவியின் கற்பைச் சோதிக்க எண்ணி, சொன்ன நேரத்துக்கு முன்பே இரவில் வீடு திரும்பினான். யாரோ ஓர் ஆள் வெளியேறுவதைக் கண்டான். மாடி ஏறி, இருட்டில், மூலையில் ஒண்டியிருந்தவளை நெரித்துக் கொன்றான். மூன்றாவதாகப் பேசுவது இறந்துபோன மனைவி. இருட்டில் படியேறி வந்தது யார் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. கணவன் மீது கொண்ட அன்பு மாறாமல், அவனுக்குத் தோன்றி ஆறுதல் சொல்ல முயல்கிறாள். அவனோ அஞ்சி ஓடுகிறான். ஏன் ஓடுகிறான் என்பதும் அவளுக்கு விளங்கவில்லை.

இங்கே மூவருக்கும் உண்மையில் ஒரு துண்டுதான் தெரியும். மூன்று துண்டையும் சேர்த்துப் பார்க்கும் வாசகனுக்கு மட்டும் முழுதும் தெரியும். மறதியில் பேசுகிறவனும் மறைந்துபோன தந்தையும் ஒருவரே என்று எந்த இடத்திலும் ஒரு வாக்கியம் இல்லை. நாமே கண்டுபிடிக்கிறோம். கண்டுபிடித்த கணத்தில் நம் நெஞ்சு பதைக்கிறது, அவளுக்காக இரங்குகிறோம்.

அகுதாகவாவின் கதையில் ஏழு வாக்குமூலங்கள். விறகுவெட்டி, வழிப்போக்குத் துறவி, காவலாள், பெண்ணின் தாய், பிறகு கொள்ளையன், பெண், இறுதியில் ஆவியுரைப்பவள் வாயால் இறந்த சாமுராய். இவர்களில் கடைசி மூவரும் நிகழ்ந்த இடத்தில் இருந்தவர்கள். மூவரும் துண்டு துண்டாகச் சொல்லவில்லை. முழுக் கதையையும் சொல்கிறார்கள். கொள்ளையன், "நான்தான் வாள்போரில் கொன்றேன்" என்கிறான். பெண், "நான்தான் குத்தினேன்" என்கிறாள். இறந்தவன், "நானே குத்திக்கொண்டேன்" என்கிறான். வேறிடத்தில் குற்றவாளி பழியைப் பிறர்மேல் போடுவான். இங்கே மூவரும் பழியைத் தம்மேல் இழுத்துக்கொள்கிறார்கள். ஏனென்றால் ஒவ்வொருவருடைய மானமும் அந்தப் பழியில்தான் இருக்கிறது. எல்லாம் சொல்லப்பட்டுவிட்டது, மறைக்கப்பட்ட செய்தி என்று ஒன்றுமில்லை. ஆயினும் எது உண்மை, யாரை நம்புவது என்ற இடத்தில் ஆசிரியர் நம்மைத் தனியே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

நம்மவர் என்ன செய்தார்கள்? 'அந்த நாள்' இறுதியில் முடிச்சு அவிழ்கிறது. நாட்டைக் காட்டிக்கொடுத்தவனின் மனைவியே அவன் சாவுக்குக் காரணம் என்று தெரிகிறது. செய்தியும் தெளிவு, தீர்ப்பும் தெளிவு. தேசத் துரோகம் தண்டிக்கப்பட்டது. படம் எனக்குப் பிடித்த படங்களுள் ஒன்று. குறை சொல்ல வரவில்லை. ஆனால் இந்த வழக்கம் நம் சிறுகதையிலும் இருக்கிறது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

பியர்ஸையும் அகுதாகவாவையும் ஒப்பிட்டதில் எனக்குக் கிடைத்தது இது. அமெரிக்கர் செய்தியை மறைக்கிறார்; நாம் அதைக் கண்டெடுத்தால் தீர்ப்புத் தானே வந்துவிடுகிறது. ஜப்பானியர் செய்தியை வெளிப்படையாக வைத்துவிட்டுத் தீர்ப்பை மறைக்கிறார். இது சட்டம் அன்று, ஒரு சாய்வு. ஒரு சோடிக் கதையை வைத்துக்கொண்டு இரண்டு நாட்டு இலக்கியத்தையும் அளந்துவிட முடியாது என்று நீங்கள் சொல்லலாம். ஆகவே இன்னொரு சோடியைப் பார்ப்போம்.

நவோயா ஷிகா 1913இல் தோக்கியோவில் இரயில் மோதி அடிபட்டார். உடம்பு தேறுவதற்காகக் கினோசாகி என்னும் வெந்நீரூற்று ஊரில் சில நாள் தங்கினார். 1917இல் வந்த 'கினோசாகியில்' என்ற கதை அதைப் பற்றியது. கதை தொடங்கும்போதே இரயிலில் அடிபட்டதைச் சொல்லிவிடுகிறார். பிறகு மூன்று உயிர்கள் வருகின்றன. கூரைமேல் ஒரு தேனீ செத்துக் கிடக்கிறது. மற்ற தேனீக்கள் அதைச் சட்டை செய்யாமல் வேலை பார்க்கின்றன. ஆற்றில் ஓர் எலி கழுத்தில் கம்பி பாய்ந்தபடி கரையேறத் தவிக்கிறது. மக்கள் வேடிக்கை பார்த்துக் கல்லெறிகிறார்கள். ஓடைப் பாறையில் பல்லி போன்ற ஒரு நீர்ப்பிராணியை அசைத்துப் பார்க்கவே அவர் கல்லை விடுகிறார். அது பட்டுச் செத்துவிடுகிறது. அது செத்தது, நான் சாகவில்லை என்று நினைக்கிறார். மகிழ்ச்சி வரவேண்டும், வரவில்லை. மூன்று ஆண்டுக்கு மேலாயிற்று, அஞ்சிய முதுகெலும்பு நோய் வரவில்லை என்று சாதாரணமாகச் சொல்லி முடித்துவிடுகிறார். இதில் திருப்பமும் இல்லை, முடிச்சும் இல்லை. 1927இல் தனிஸாகிக்கும் அகுதாகவாவுக்கும் கதைக்கட்டு வேண்டுமா என்று நடந்த விவாதத்தில், கட்டுமானமே கதையின் வலிமை என்று தனிஸாகி நின்றார். கதையற்ற கதையே தூயது என்று வாதாடிய அகுதாகவா ஷிகாவைத்தான் எடுத்துக்காட்டினார். ஜப்பானியக் கதை என்றால் மனநிலை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோம். அங்கேயே அவர்கள் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள்! அந்த ஆண்டு ஜூலையில் அகுதாகவா தம் 35ஆம் வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஷிகாவின் கதைக்குப் பக்கத்தில் ஹெமிங்வேயின் 'இருநெஞ்சப் பேராறு' (1925) என்ற கதையை வையுங்கள். அதுவும் தேறி வருகிற ஒரு மனிதனின் கதையே. நிக் என்னும் இளைஞன் இரயிலைவிட்டு இறங்குகிறான். ஊர் எரிந்து கிடக்கிறது. கரியில் வாழ்ந்து வெட்டுக்கிளிகள் கறுத்துப் போயிருக்கின்றன. கூடாரம் அடிக்கிறான், சமைக்கிறான், காப்பி போடுகிறான், மீன் பிடிக்கிறான். ஒவ்வொரு செயலும் அளந்து அளந்து சொல்லப்படுகிறது. ஆழமான சதுப்புப் பக்கம் இன்றைக்குப் போகவேண்டாம் என்று தள்ளிப்போடுகிறான். கதை முடிந்துவிடுகிறது. அவன் போரிலிருந்து திரும்பியவன் என்பது கதையில் ஒரு சொல்லாலும் இல்லை. போரைச் சொல்லாத போர்க்கதை அது என்று ஹெமிங்வேயே பிற்காலத்தில் எழுதினார். ஷிகா முதல் வரியில் சொன்னதை ஹெமிங்வே கடைசி வரைக்கும் சொல்லவில்லை. இரண்டு கதையிலும் உயிர்களைப் பார்க்கும் கண் கிட்டத்தட்ட ஒன்றே. தேனீயும் கறுத்த வெட்டுக்கிளியும் உடன்பிறப்புகள் என்றே சொல்லலாம். மறைப்பது எதை என்பதில்தான் வேறுபாடு.

ஹெமிங்வேயின் 'வெள்ளை யானை போன்ற குன்றுகள்' (1927) இன்னும் நல்ல சான்று. ஸ்பெயினில் ஓர் இரயில் நிலையம். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மது அருந்தியபடி வண்டிக்குக் காத்திருக்கிறார்கள். ஏதோ ஓர் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறார்கள். அது என்ன என்ற சொல் வரவே வராது. அது கருக்கலைப்பு என்று வாசகன் உணர்ந்ததும், அந்த ஆண் எப்படிப்பட்டவன் என்ற தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. பனிப்பாறையில் எட்டில் ஒரு பங்குதான் நீர்மேல் தெரியும், கதையும் அப்படியே என்று 1932இல் ஹெமிங்வே விளக்கம் தந்தார். பனிப்பாறையை நாம் யாரும் பார்த்ததில்லை. பாத்தியில் கட்டியிருக்கும் தெளிந்த நீரைக் கையில் அள்ளிப் பார்த்தால் உப்புத் தெரியாது, நாக்கில் வைத்தால் தெரியும். ஹெமிங்வே மரக்காணத்தில் பிறந்திருந்தால் இதைத்தான் உவமை சொல்லியிருப்பார்!

இவ்விரு மரபும் தனித்தனியே வளர்ந்தவை என்றும் கொள்ள வேண்டாம். ஹெமிங்வே 1922இல் பாரிசில் எஸ்ரா பவுண்டைச் சந்தித்துச் சொற்சிக்கனம் கற்றார். அந்தப் பவுண்டோ, முப்பது வரியில் எழுதிய ஒரு கவிதையை ஜப்பானிய ஹைக்கூவின் தூண்டுதலால் இரண்டு வரியாகச் சுருக்கியவர். மறுபக்கம், ஜப்பானியத் துப்பறியும் கதையின் தந்தை எனப்படுபவர் வைத்துக்கொண்ட புனைபெயர் எடோகாவா ரம்போ. எட்கர் ஆலன் போவை ஜப்பானிய நாவால் சொல்லிப் பாருங்கள், அப்பெயர் வந்துவிடும். நம் புதுமைப்பித்தனும் போவைத் தமிழாக்கியவர்தாம். கடன் எல்லாத் திசையிலும் ஓடியிருக்கிறது.

என் கருத்துக்கு எதிரான சான்று ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். யசுனாரி கவாபாத்தா நூற்றுக்கு மேற்பட்ட உள்ளங்கைக் கதைகளை எழுதினார். ஒரு பக்கம், இரண்டு பக்கம், அவ்வளவே. 1968இல் நோபல் பரிசு பெற்ற பிறகும் தம் எழுத்தின் சாரமாக அவர் மதித்தவை அவை. அவற்றுள் 'வெட்டுக்கிளியும் மணிப்பூச்சியும்' என்ற கதையில், சிறுவர்கள் தாமே செய்த வண்ண விளக்குகளோடு இரவில் பூச்சி பிடிக்கிறார்கள். ஒரு சிறுவன் பிடித்ததை ஒரு சிறுமிக்குக் கொடுக்கிறான். வெட்டுக்கிளி என்று கொடுத்தது அரிய மணிப்பூச்சியாக இருக்கிறது. அந்தக் கணத்தில் அவன் விளக்கில் வெட்டியிருந்த அவன் பெயர் அவள் மார்பிலும், அவள் பெயர் அவன் இடுப்பிலும் ஒளியாய் விழுகிறது. இருவருக்கும் தெரியாது, பார்த்தவர் கதைசொல்லி மட்டுமே. இங்கேயே நிறுத்தியிருந்தால் என் வாதத்துக்கு வசதி. ஆனால் கதைசொல்லி அச்சிறுவனை மனத்துக்குள் விளித்துப் பின்னாளில் அவனுக்கு என்ன நேரும் என்று பேசத் தொடங்கிவிடுகிறார். தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்தான். நான் இதை ஐந்தாறு முறை படித்திருக்கிறேன். அந்தப் பேச்சை வெட்டிவிட்டால் கதை குறைபடும் என்றே தோன்றுகிறது. உத்தியை விதியாக்குவோரை இப்படி ஒரு நல்ல கதை வந்து குழப்பிவிடும்.

சொல்லாமல் விடுவதே கலை என்று நினைப்போர்க்கு எச்சரிக்கையாக இன்னொரு வரலாறு. ரேமண்ட் கார்வரின் கதைகள் 1981இல் தொகுதியாக வந்தபோது, அவற்றின் வறண்ட மௌனத்தை உலகமே போற்றியது. 'குளியல்' என்ற கதையில், பிறந்தநாளன்று சிறுவன் ஒருவன் கார் மோதி மருத்துவமனையில் கிடக்கிறான். கேக்குக்குச் சொல்லிவைத்த கடைக்காரன் விவரம் அறியாமல் தொலைபேசியில் நச்சரிக்கிறான். தாய் வீட்டுக்கு வந்து தொலைபேசியை எடுக்கிறாள். அத்தோடு கதை அறுந்துவிடுகிறது. பிள்ளை பிழைத்தானா, தெரியாது. ஆகா, என்ன உத்தி என்றோம். பின்னர்தான், அந்த மௌனத்தில் பெரும்பகுதி பதிப்பாசிரியர் கோர்டன் லிஷின் கத்தரிக்கோல் செய்தது என்று தெரிந்தது. நூலை நிறுத்தும்படி மன்றாடி 1980 ஜூலையில் கார்வர் அவருக்கு எழுதிய கடிதம் பின்னாளில் வெளியாயிற்று. வெட்டப்படாத மூலங்களும் 2009இல் நூலாக வந்தன. கார்வர் 1983லேயே அக்கதையை 'சிறியதொரு நற்செயல்' என்று விரிவாக வெளியிட்டிருந்தார். அதில் பிள்ளை இறந்துவிடுகிறான். பெற்றோர் சினத்தோடு கடைக்குப் போகிறார்கள். கடைக்காரன் மன்னிப்புக் கேட்டு, அவர்களை உட்காரவைத்து, சூடான ரொட்டி தருகிறான், விடியும்வரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால் நான் தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன். முதலாவதில் செய்தி மறைக்கப்பட்டிருக்கிறது. மறைத்ததால் கிடைத்தது அதிர்ச்சி மட்டுமே. இரண்டாவதில் எல்லாம் சொல்லப்படுகிறது. யார் மீது குற்றம் என்பது மட்டும் அந்த ரொட்டி மணத்தில் கரைந்துபோகிறது. என் அளவுகோலின்படி அது ஜப்பானியக் கதை! கார்வரின் படைப்புகள் முழுவதையும் ஜப்பானிய மொழிக்குக் கொண்டுசென்றவர் ஹருகி முரகாமி என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் பக்கம். விடுவதைக் கலையாக்குவது நமக்குப் புதிதன்று. அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயரில்லை. உள்ளுறை என்று ஓர் ஏற்பாடே இருக்கிறது. நாரையையும் இறாலையும் சொல்லி நிறுத்திவிட்டால் கேட்பவள் மீதியை அறிந்துகொள்வாள். நெய்தல் நிலத்துப் பிள்ளைகளான உங்களுக்கு இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. உரைநடைக் கதையில் கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' ஒன்று போதும். தீபாவளிக்கு முந்திய நாளில் ஏழைத் தாய் ஒருத்தி அநாதைச் சிறுவனை வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிறாள். அவன் பெயர் ராஜா. பணக்கார வீட்டுக்கும் ஒரு ராஜா வந்திருக்கிறார். பிள்ளைகள் தம்முள் போட்டி போட்டுப் பெருமை பேசிக்கொள்வதோடு கதை முடிகிறது. வறுமையைப் பற்றி ஆசிரியர் ஒரு வார்த்தை அழவில்லை. அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' இன்னொன்று. பிழைப்புத் தேடி வந்தவன் நாற்காலிகளுக்கிடையே புலியாகவே மாறிக் காட்டுகிறான். வாய்ப்பு வந்தபோது அவன் இருக்குமிடம் தெரியவில்லை. அவ்வளவே. இவர்களுக்கு நேர்மாறாகப் புதுமைப்பித்தன் 'பொன்னகர'த்தின் முடிவில் வாசகன் முகத்துக்கு நேரே பேசுகிறார். அவர் சினம் அந்தக் கதையின் உடம்பு. எடுத்துவிட்டால் கதையே இல்லை. ஆனால் நம் தலைமுறை அவருடைய சினத்தைப் பெறாமல், கடைசிப் பத்தியில் பேசும் பழக்கத்தை மட்டும் பெற்றுக்கொண்டது.

இவ்வட்டத்து இளைஞர்கள் எழுதிய கதைகள் சிலவற்றை இம்மலர்க்குழு எனக்குப் படிக்கத் தந்தது. 2004 சுனாமியைப் பற்றியவை, 2011 தானே புயலைப் பற்றியவை, உப்பளத்துப் பெண்களைப் பற்றியவை. எல்லாம் நீங்கள் கண்ணால் கண்டவை; வெளியூரான் எவனாலும் எழுத முடியாதவை. ஆனால் பாதிக்கு மேற்பட்ட கதைகளில் முடிவில் கடலை விளித்துக் கேள்வி கேட்கிறீர்கள், அல்லது சமுதாயமே என்று தொடங்குகிறீர்கள். இங்கேதான் ஒரு தடை எழும். துன்பப்படுவோர் நம் தாயும் தந்தையுமாக இருக்கும்போது தீர்ப்பை மறைத்துவைப்பது நாகரிகமா, கோழைத்தனமா? வயிறு நிறைந்தவன் உத்தி அல்லவா அது? எளிதில் தள்ளிவிடக் கூடிய கேள்வி அன்று இது. இதற்கு வாதத்தால் விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

என் தாயார் இந்தக் கரையில் கூலிக்கு உப்பு வாரியவர். பங்குனி, சித்திரை வெயிலில் பாத்தியில் நின்று பலகையால் உப்பை இழுத்து, கூடையில் அள்ளித் தலைமேல் சுமந்து, வரப்பு வழியே போய்க் குவியலில் கொட்டுவார். நான் எழுதி அச்சில் வந்த முதல் கதை அவரைப் பற்றியது. ஒரு சிற்றிதழில் வந்தது. அதில் என் தாயார் பாத்தியில் நின்று அழுகிறார். அவர் கண்ணீர் விழுந்து விழுந்தே அந்த நீர் கரிக்கிறது என்று எழுதியிருந்தேன். கடைசியில் நாட்டைப் பார்த்து, உன் சோற்றில் கரைவது யாருடைய கண்ணீர் தெரியுமா என்றும் கேட்டிருந்தேன். நண்பர்கள் பாராட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு நானே படித்துக் காட்டினேன்.

முழுதும் கேட்டுவிட்டு, "நா எப்படா அளத்துல அழுதன்?" என்றார். "வெயிலு உப்பு மேல பட்டுக் கண்ணுல அடிக்கும். தண்ணி ஊத்தும். எல்லாருக்கும் ஊத்தும். அத அழுவன்னு எழுதிட்டியா?"

நான் சமாளிக்கப் பார்த்தேன். கதை என்றால் அப்படித்தான் என்றேன். அவர் கொஞ்ச நேரம் கழித்து, "காலு வெடிச்சிருந்திச்சின்னு எழுதின, சரி. அந்தக் காலுக்கு ராத்திரியில என்னா போடுவன்னு எழுதலியே" என்றார்.

எனக்குத் தெரியாது. இருபது ஆண்டுகள் ஒரே குடிசையில் உறங்கியவன், அந்தக் காலுக்கு அவர் என்ன போட்டார் என்று பார்த்ததில்லை. நாட்டுக்குத் தீர்ப்புச் சொல்லும் அவசரத்தில் இருந்தவனுக்குச் செய்தியைத் திரட்ட நேரமில்லை. ஷிகாவுக்கு எலியின் கழுத்தில் கம்பி எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது என்று தெரியும். ஹெமிங்வேக்கு நிக் காப்பி போட்ட முறை தெரியும். எனக்கு என் தாயின் கால் தெரியவில்லை. அந்தக் கதையை நான் எந்தத் தொகுதியிலும் சேர்க்கவில்லை. பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்: கஞ்சித் தெளிவில் கால் கழுவி, வேப்பெண்ணெயைச் சூடு காட்டித் தடவி, பழைய துணியால் சுற்றிக்கொண்டு படுப்பாராம். காலையில் அந்தத் துணியைப் பிரிக்கும்போதுதான் வலிக்குமாம். இதை வைத்து மீண்டும் எழுதினேன். இம்முறை யாரையும் கேள்வி கேட்கவில்லை. படித்துக்காட்ட அவர் இல்லை.

உப்பு வாருகிற ஊரில் ஜப்பான்காரன் கதை எதற்கு என்று கேட்ட பெரியவருக்கு, என்னிடம் இருக்கும் விடை இவ்வளவே.

பியர்ஸின் 'நிலவொளிச் சாலை'யையும் அகுதாகவாவின் 'மூங்கில் தோப்பில்' கதையையும் ஆங்கிலத்திலிருந்து எனக்குத் தெரிந்த தமிழில் எழுதி, நகலெடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். வாயிலருகே மேசைமேல் இருக்கின்றன. கைக்கு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். பியர்ஸை முதலில் படியுங்கள்; ஒரு நாள் விட்டு மற்றதைப் படியுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில், சாமுராயைக் கொன்றது யார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். என் விடையையும் அன்றைக்குச் சொல்கிறேன். சென்ற ஆண்டு வைத்திருந்த விடை இப்போது என்னிடம் இல்லை.